சேற்றுத் தடை ஓட்டம்: பங்கேற்பவரும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

சேறும் நீரும் நிறைந்த பாதையில் சுவர் ஏறியும், வலைக்கு அடியில் தவழ்ந்தும், குட்டைகளைக் கடந்தும் ஓடும் போட்டி சேற்றுத் தடை ஓட்டம் எனப்படுகிறது. நல்ல உடல்நிலையும் போதிய பயிற்சியும் உடையவர்களுள் பெரும்பாலோர் இதைச் சிராய்ப்புகளோடும் உடல்வலியோடும் முடித்துவிடுகின்றனர். ஆயினும் இவ்வோட்டத்தின் சில பாதிப்புகள் களத்திலேயே வெளிப்படுவதில்லை. அவை சில நாட்களோ, இரண்டு மூன்று வாரங்களோ கழித்துக் காய்ச்சலாகவோ வயிற்றுப்போக்காகவோ சிறுநீரின் நிறமாற்றமாகவோ தோன்றுகின்றன. அதற்குள் ஓட்டத்தின் நினைவு மங்கிவிடுவதால், நோயாளி அதனை மருத்துவரிடம் கூறுவதில்லை. உரிய சிகிச்சை தாமதமாவதற்கு இது முக்கியக் காரணமாகிறது.

போட்டிக்கு முன்னும், போட்டியன்றும், அதற்குப் பின் வரும் நாட்களிலும் நீங்கள் கவனிக்க வேண்டியவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

முக்கியக் குறிப்புகள்

• போட்டிக்குப் பின் 30 நாட்களுக்குள் காய்ச்சல் வந்தால், சேற்றிலும் குட்டை நீரிலும் இறங்கியதை மருத்துவரிடம் முதலில் கூறுங்கள்.
• டெட்டனஸ் தடுப்பூசியைக் கடைசியாக எப்போது போட்டுக்கொண்டீர்கள் என்பதைப் போட்டிக்கு முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.
• ஆறாத புண், வெட்டுக்காயம், பாதப்புண் இருந்தால் பங்கேற்பதைத் தள்ளிவையுங்கள்.
• சேற்றுநீர் வாய், மூக்கு, கண் ஆகியவற்றுள் புகாமல் இயன்றவரை தவிர்த்திடுங்கள்.
• கட்டங்காப்பி நிறத்தில் சிறுநீர் கழிந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.
• ஓடும்போது ஒருவர் குழப்பமாகப் பேசினாலோ மயங்கி விழுந்தாலோ வெப்பத்தாக்கு எனக் கருதி உடனே உடலைக் குளிர்வித்து, 108 எண்ணை அழையுங்கள்.

சேற்றுத் தடை ஓட்டம் என்பது யாது?

இவ்வகைப் போட்டிகளுள் முன்னோடியாகக் கருதப்படுவது இங்கிலாந்தின் உல்வர்ஹாம்ப்டன் நகருக்கு அருகே 1987ஆம் ஆண்டு தொடங்கப்பட்டதாகும். 2010ஆம் ஆண்டு அமெரிக்காவில் பெரும் போட்டித் தொடர்கள் தொடங்கியதையடுத்து இவை உலகெங்கும் பரவின. இந்தியப் பெருநகரங்களிலும் கடந்த பல ஆண்டுகளாக இத்தகைய போட்டிகள் நடைபெற்று வருகின்றன. ஓட்டத்தின் தொலைவு பெரும்பாலும் 5 முதல் 20 கிலோமீட்டர் வரை அமையும். சுவர், கயிறு, தொங்கு வளையம், முள்கம்பிக்கு அடியில் தவழுதல், பனிக்கட்டி நிரப்பிய தொட்டி, சேற்றுக் குட்டை, உயர மேடையிலிருந்து நீரில் குதித்தல் ஆகியவை வழக்கமான தடைகள். சில போட்டிகளில் மின்னதிர்ச்சி தரும் கம்பிகளும் தொங்கவிடப்படுகின்றன.

சாலையில் ஓடும் மாரத்தானிலிருந்து இது மூன்று வகைகளில் வேறுபடுகிறது. முதலாவதாக, கை, தோள், முதுகுத் தசைகள் பழக்கமில்லாத அளவுக்கு உழைக்கின்றன. இரண்டாவதாக, விழுதலும் மோதலும் இயல்பாகவே நிகழ்கின்றன. மூன்றாவதாக, சிராய்த்த தோலோடு ஒரே சேற்றில் நூற்றுக்கணக்கானோர் ஒருவர் பின் ஒருவராகத் தவழ்கின்றனர். அச்சேற்றில் மண்ணின் கிருமிகளோடு கால்நடைக் கழிவும், எலியின் சிறுநீரும், முன்னே சென்றவர்களின் உடலிலிருந்து கலந்த கிருமிகளும் இருக்கக்கூடும்.

இதுவரை பதிவான நிகழ்வுகள் கூறுவன

கீழ்க்காணும் நிகழ்வுகள் அச்சமூட்டுவதற்காகத் தரப்படவில்லை. எவ்வகைப் பாதிப்பு எங்ஙனம் ஏற்படுகிறது என்பதை விளக்கவே தரப்படுகின்றன.

2000ஆம் ஆண்டு மலேசியாவின் சபா மாநிலத்தில் காட்டாறுகளையும் சேற்று நிலங்களையும் கடந்து செல்லும் பன்னாட்டுச் சாகசப் போட்டி ஒன்று நடைபெற்றது. வீரர்கள் தத்தம் நாடுகளுக்குத் திரும்பிய பின்னர் காய்ச்சல் கண்டது. ஆய்வாளர்கள் தொடர்புகொண்ட 189 வீரர்களுள் 80 பேருக்கு எலிக்காய்ச்சலுக்குரிய நோய்க்குறிகள் இருந்தன. அவர்களுள் 29 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், எவரும் இறக்கவில்லை. போட்டிப் பாதையிலிருந்த செகாமா ஆற்றில் நீந்தியவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு மிகுதியாக இருந்தது கண்டறியப்பட்டது.

2012ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், கால்நடைப் பண்ணை ஒன்றில் நடந்த தடை ஓட்டத்திற்குப் பின் 22 பேருக்குக் கேம்பைலோபாக்டர் என்னும் பாக்டீரியாவால் வயிற்றுப்போக்கு ஏற்பட்டது. ஓட்டத்தின்போது சேற்றுநீரை விழுங்கியதற்கும் நோய் ஏற்பட்டதற்கும் தெளிவான தொடர்பு இருந்தது.

2015ஆம் ஆண்டு பிரான்சின் நீஸ் நகரப் பகுதியில் நடந்த சேற்றோட்டத்தில் பங்கேற்றவர்களுள் நூற்றுக்கணக்கானோர் நோரோவைரஸால் வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவற்றுக்கு ஆளாயினர். 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் கலிபோர்னியாவின் சொனோமா மாவட்டத்தில் நடந்த போட்டியை அடுத்து, நூற்றுக்கணக்கானோருக்குத் தோலில் சீழ்க்கொப்புளங்கள் தோன்றின. சிலருக்குக் காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்தன. நீரிலும் மண்ணிலும் வாழும் ஏரோமோனாஸ் என்னும் பாக்டீரியா அங்கு நோய்க்காரணியாக இனங்காணப்பட்டது.

காயங்களைப் பொறுத்தவரை, 2013ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நடந்த ஒரு போட்டியிலிருந்து மட்டும் 38 பேர் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்ததாக மருத்துவ இதழில் பதிவாகியுள்ளது. அவ்வறிக்கையில் விரிவாக விளக்கப்பட்ட ஐந்து நோயாளிகளுள் நால்வர் மின்னதிர்ச்சித் தடையைக் கடந்தவர்கள். அதே ஆண்டு மேற்கு வர்ஜீனியாவில், உயர மேடையிலிருந்து சேற்றுநீருக்குள் குதித்த ஒருவர் மூழ்கி உயிரிழந்தார்.

இந்நிகழ்வுகளில் கிருமிகளால் ஏற்பட்ட பாதிப்புகள் யாவும் போட்டி முடிந்த பின்னரே வெளிப்பட்டன என்பதைக் கவனியுங்கள்.

யார் பங்கேற்றல் கூடாது? யார் மருத்துவரைக் கலந்தாலோசிக்க வேண்டும்?

கீழ்க்காண்போர் இப்போட்டிகளைத் தவிர்த்தல் வேண்டும்:

• கருவுற்றிருப்போர்
• காய்ச்சல், வயிற்றுப்போக்கு அல்லது வேறு தொற்று உள்ளவர்கள். அதிலிருந்து முழுமையாகத் தேறாதவர்கள்
• தோலில் திறந்த புண், அண்மையில் செய்த அறுவைச் சிகிச்சைத் தழும்பு, புதிதாகக் குத்திய பச்சை உள்ளவர்கள்
• நீரிழிவினால் பாதத்தில் உணர்ச்சிக் குறைவோ புண்ணோ உள்ளவர்கள்
• புற்றுநோய் மருந்து, உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்குப் பின் தரும் மருந்து, நீண்டகால ஸ்டீராய்டு ஆகியவற்றால் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள்

இதய நோய், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, ஆஸ்துமா, வலிப்பு நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களும், முன்னர் ஒருமுறை வெப்பத்தாக்குக்கு ஆளானவர்களும், நெடுங்காலமாக உடற்பயிற்சி இல்லாத நடுவயதினரும் மருத்துவரின் கருத்தைப் பெற்ற பின்னரே பெயர் பதிவு செய்தல் நன்று. உடற்பயிற்சியின்போது நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒருமுறை ஏற்பட்டிருந்தாலும், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நேர்ந்திருந்தாலும் அதனைத் தவறாது மருத்துவரிடம் தெரிவியுங்கள். இதயமுடுக்கி பொருத்தப்பட்டவர்களும் வலிப்பு நோயாளிகளும் மின்னதிர்ச்சித் தடையை முற்றிலும் தவிர்க்க வேண்டும். நீச்சல் தெரியாதவர்கள் நீர்த்தடைகளைச் சுற்றிச் செல்ல வழியுண்டா என்பதை அமைப்பாளர்களிடம் முன்னதாகவே கேட்டறிய வேண்டும்.

நீங்கள் உட்கொள்ளும் மருந்துகள்

இன்சுலினும் சில சர்க்கரை மாத்திரைகளும் கடும் உழைப்பின்போது இரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்தக்கூடும்; சில நேரங்களில் அன்றிரவு உறக்கத்திலும் அவ்வாறு நேரலாம். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகள் நீரிழப்பை மிகுவிக்கின்றன. இரத்தம் உறையாமைக்கான மருந்துகளை உட்கொள்பவர்களுக்குத் தலையில் படும் சிறு அடியும் உட்கசிவாக மாறக்கூடும். டைக்ளோபினாக், ஐபுபுரோபன் போன்ற வலிநிவாரணிகளை ஓட்டத்திற்கு முன்பே ‘பாதுகாப்புக்காக’ விழுங்கும் வழக்கம் சிறுநீரகத்திற்குத் தீங்கானது, அதனைக் கைவிடுங்கள். எனினும் மருத்துவர் எழுதித் தந்த எந்த மருந்தையும் நீங்களாகவே நிறுத்தவோ அளவை மாற்றவோ வேண்டா. போட்டி நாளில் எவ்வளவு உட்கொள்வது என்பதை அவரிடமே கேளுங்கள்.

போட்டிக்கு முன் செய்ய வேண்டியவை

பயிற்சி: குறைந்தது 8 முதல் 12 வாரங்கள் படிப்படியாகப் பயிற்சி செய்யுங்கள். ஓட்டத்துடன், கைகளால் தொங்குதல், தண்டால், பளு தூக்கி நடத்தல் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழகாத தசைகளை ஒரே நாளில் எல்லை மீறி உழைக்கச் செய்வதே பின்னர் கூறப்படும் தசைத்திசு அழிவுக்கு வழிவகுக்கிறது. வெயில் காலத்துப் போட்டியெனில், கடைசி இரு வாரங்களில் வெளியிடத்தில் சிறிது சிறிதாகப் பயிற்சி செய்து உடலை வெப்பத்திற்குப் பழக்குங்கள்.

தடுப்பூசி: டெட்டனஸ் எனப்படும் இரணஜன்னியின் கிருமி மண்ணில் வாழ்கிறது. வயதுவந்தோருக்கு இத்தடுப்பூசியின் ஊக்கத் தவணை 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை தேவை. மண் படிந்த ஆழமான காயம் ஏற்பட்டு, கடைசித் தவணை போட்டு 5 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தால், மீண்டும் ஒரு தவணை போடப்படும். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இதனைப் பெறலாம்.

தோல்: போட்டிக்கு முந்தைய ஓரிரு நாட்களில் கால், கை முடிகளை மழிக்க வேண்டா, கண்ணுக்குப் புலப்படாத கீறல்கள் கிருமி நுழைவதற்கு வாயிலாகின்றன. நகங்களை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள்.

உடை: நீரை உறிஞ்சிக் கனக்கும் பருத்தி ஆடைக்கு மாற்றாக, உடலோடு பொருந்தி விரைவில் உலரும் முழுநீள ஆடையை அணியுங்கள். பிடிமானமுள்ள, கால்விரல்களை மூடிய காலணி தேவை. காண்டாக்ட் லென்ஸ் அணிந்து சேற்றில் இறங்குதல் கூடாது. லென்சுக்கும் கருவிழிக்கும் இடையே தங்கும் கிருமிகள் பார்வையைப் பறிக்கக்கூடிய புண்ணை உண்டாக்கலாம். மோதிரம், வளையல், சங்கிலி ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள்.

படிவம்: அமைப்பாளர்கள் தரும் உடல்நலப் படிவத்தை உண்மையாக நிரப்புங்கள். இரத்த வகை, ஒவ்வாமை, நோய், உறவினரின் தொலைபேசி எண் ஆகியவற்றை, மார்பில் குத்தும் எண் அட்டையின் பின்புறத்தில் அழியாத மையால் எழுதிவையுங்கள். களத்தில் மருத்துவரும் ஆம்புலன்சும் உள்ளனரா, உடல்முழுதும் கழுவ ஓடும் நன்னீர் வசதி உள்ளதா என்பதைக் கேட்டறிய உங்களுக்கு உரிமையுண்டு. பாதையில் அண்மைக்காலம்வரை கால்நடைகள் மேய்ந்தனவா, குட்டைகளுக்கு நீர் எங்கிருந்து வருகிறது என்பனவும் கேட்கத்தக்க வினாக்களே.

போட்டியன்று கடைப்பிடிக்க வேண்டியவை

நீர்: தாகத்திற்கேற்ப அருந்துங்கள். தாகமின்றியும் மிகையாக நீர் அருந்தினால் இரத்தத்தில் சோடியத்தின் அளவு தாழ்ந்து, குமட்டல், தலைவலி, குழப்பம், வலிப்பு ஆகியவை ஏற்படலாம். நீண்ட ஓட்டத்தில் உப்பு-சர்க்கரைக் கரைசல் உதவும். நீர்க்குடுவையின் வாயைச் சேற்றுக் கையால் தொடாதீர்கள். உண்பதற்கு முன் கையைக் கழுவுங்கள்.

நீர்த்தடை: தலைகீழாகப் பாய்தல் கூடாது. கலங்கிய நீரின் ஆழமோ அடியில் கிடக்கும் கல்லோ கண்ணுக்குத் தெரிவதில்லை. கழுத்தெலும்பு முறிந்தால் கைகால்கள் நிரந்தரமாகச் செயலிழக்கலாம். மேடையிலிருந்து இறங்கும்போது, முன்னே குதித்தவர் நகர்ந்து சென்றதை உறுதிசெய்த பின்னரே கால்கள் முதலில் படுமாறு குதியுங்கள். பனிக்கட்டி நீரில் இறங்கும்போது உடல் தன்னையறியாமல் மூச்சை வாரி இழுக்கும். அந்நேரத்தில் முகம் நீருக்குள் இருந்தால் நீர் நுரையீரலை அடையும். ஆகவே மெல்ல இறங்கி, மூச்சு சீரான பின்னரே முன்னேறுங்கள்.

மூக்கும் வாயும்: தேங்கிய வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் ஒருவகை அமீபா, மூக்கின் வழியாகப் புகுந்தால் மூளைக் காய்ச்சலை உண்டாக்கவல்லது. இது மிக அரிதானது. ஆயினும் பெரும்பாலும் உயிரைப் பறிப்பது. கேரளத்தில் அண்மை ஆண்டுகளில் இத்தகைய நோயாளிகள் பதிவாகியுள்ளனர். தேங்கிய நீரில் தலையை மூழ்கடிக்காதீர்கள். தவிர்க்கவியலாதெனில் மூக்கை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

விலகும் உரிமை: எந்தத் தடையையும் தாண்டாமல் விட்டுச்செல்ல உங்களுக்கு உரிமையுண்டு. நெஞ்சில் இறுக்கம், தலைச்சுற்றல், நடுக்கம், வியர்வை நின்றுபோதல், பார்வை மங்குதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் ஓட்டத்தை நிறுத்தி உதவி கேளுங்கள். உடன் ஓடுபவர் தடுமாறினால் அவரைத் தனியே விட்டுச்செல்லாதீர்கள்.

வெப்பத்தாக்கு: களத்திலேயே குளிர்வித்தல்

கடும் உழைப்பின்போது உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைக் கடந்து, அதனுடன் குழப்பம், பொருந்தாப் பேச்சு, தள்ளாட்டம், மயக்கம் ஆகியவை தோன்றினால் அது வெப்பத்தாக்கு ஆகும். தோல் வியர்வையால் நனைந்திருந்தாலும் வெப்பத்தாக்கு இல்லையென்று முடிவு செய்யாதீர்கள்.

• 108 எண்ணை அழைக்கச் சொல்லி, களத்து மருத்துவக் குழுவையும் வரவழையுங்கள்.
• நிழலுக்குக் கொண்டு சென்று மேலாடையைக் களையுங்கள்.
• தலையை மேலே தாங்கிப் பிடித்தபடி, கழுத்துவரை குளிர்ந்த நீர்த் தொட்டியில் அமர்த்துதலே மிகச் சிறந்த முறை. தொட்டி இல்லையெனில் உடல்முழுதும் நீரூற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் பனிக்கட்டியை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள்.
• ஆம்புலன்ஸ் வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தாதீர்கள்.
• நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாய்வழியே எதையும் தராதீர்கள். பாராசிட்டமால் இந்நிலையில் பயன் தராது.

போட்டி முடிந்த உடனே

முதல் அரைமணி நேரத்தில் செய்யும் கழுவல் மிகுந்த பயன் தருவதாகும். ஓடும் நன்னீரில் சோப்பிட்டு உடல் முழுவதையும் கழுவுங்கள்; நகக்கண், காதின் பின்புறம், விரலிடுக்கு ஆகியவற்றில் கவனம் தேவை. கண்ணில் சேறு பட்டிருந்தால் கசக்காமல் தூய நீரால் அலசுங்கள். போட்டிக் களத்துக் குட்டையிலேயே கழுவிக்கொள்வது பயனற்றது.

ஒவ்வொரு சிராய்ப்பையும் தனித்தனியே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு, மண்துகள் முழுவதும் நீங்கும்வரை கழுவி, தூய துணியால் மூடுங்கள். காயத்தின்மீது மஞ்சள்தூள், காப்பித்தூள், சாம்பல் முதலியவற்றை இடாதீர்கள். ஆழமான வெட்டு, துளைத்த காயம், உள்ளே பொருள் தங்கிய காயம் ஆகியவற்றை அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். சேறு படிந்த ஆடைகளைத் தனிப்பையில் இட்டு, பிற துணிகளோடு கலவாமல் சூடான நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். அவற்றைத் துவைப்பவர் கையில் காயம் இருந்தால் கையுறை அணிய வேண்டும்.

அடுத்து வரும் நாட்கள்: எது, எப்போது வெளிப்படும்?

நாள்காட்டியில் போட்டி நாளைக் குறித்துவைத்து, அன்றிலிருந்து 30 நாட்கள் உங்கள் உடல்நிலையைக் கவனித்து வாருங்கள்.

முதல் 3 நாட்கள் – தசைத்திசு அழிவு: உழைத்த தசை சிதைந்து, அதிலுள்ள புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை இது. வழக்கமான உடல்வலியைக் காட்டிலும் மிகக் கடுமையான வலி, தசை வீக்கம், கைகால் தளர்ச்சி, கட்டங்காப்பி அல்லது கோலா நிறச் சிறுநீர், சிறுநீர் குறைதல் ஆகியவை அறிகுறிகள். மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனை செய்து, நரம்பின் வழியாக நீர்மம் செலுத்துவர். விரைந்து சிகிச்சை பெற்றால் சிறுநீரகத்தைக் காக்க இயலும்.

முதல் 3 நாட்கள் – தோல் தொற்று: சிவப்பு பரவுதல், சூடு, சீழ்க்கொப்புளம், காயத்திலிருந்து மேல்நோக்கி ஓடும் சிவந்த கோடு, காய்ச்சல் ஆகியவை தோன்றினால் மருத்துவரை அணுகுங்கள். பார்வைக்குத் தெரியும் காயத்திற்குப் பொருந்தாத அளவு வலி இருப்பின் காத்திருத்தல் கூடாது.

அரை நாள் முதல் 10 நாட்கள் – வாந்தி, வயிற்றுப்போக்கு: நோரோவைரஸ் 12 முதல் 48 மணி நேரத்திலும், கேம்பைலோபாக்டர் பெரும்பாலும் 2 முதல் 5 நாட்களிலும் வெளிப்படும். கால்நடைக் கழிவிலிருந்து பரவும் சிலவகை ஈ-கோலை பாக்டீரியாக்கள் பெரும்பாலும் 3, 4 நாட்களில் இரத்தக்கழிச்சலை உண்டாக்கும். சிறு குழந்தைகளுக்கு இவை சிறுநீரகச் செயலிழப்பையும் விளைவிக்கக்கூடும். உப்பு-சர்க்கரைக் கரைசலை அடிக்கடி அருந்துங்கள். மலத்தில் இரத்தம் இருந்தாலோ கடும் காய்ச்சல் இருந்தாலோ வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரைகளை உட்கொள்ளாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். ஒரு வாரத்திற்கு மேல் நீடிக்கும் வயிற்றுப்போக்கு ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகளால் ஏற்படலாம்.

1 முதல் 12 நாட்கள் – மூளைக் காய்ச்சல்: கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு, நடத்தை மாற்றம் ஆகியவை தோன்றினால் உடனே பெரிய மருத்துவமனைக்குச் சென்று, மூக்கில் நீர் புகுந்ததைத் தெரிவியுங்கள்.

2 முதல் 30 நாட்கள் – எலிக்காய்ச்சல்: பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களில் வெளிப்படும். எலி, நாய், கால்நடை ஆகியவற்றின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து, கீறல் வழியாகவோ கண், மூக்கு, வாய் வழியாகவோ கிருமி புகுகிறது. நெல் வயலில் உழைப்போரையும் வெள்ளநீரில் நடப்போரையும் தாக்கும் நோயும் இதுவே. திடீர்க் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்காலிலும் இடுப்பிலும் கடும் வலி, சீழின்றிச் சிவந்த கண்கள் ஆகியவை அறிகுறிகள். காய்ச்சல் சில நாட்கள் தணிந்து மீண்டும் வரக்கூடும். இடையில் தணிந்ததைக் குணமடைந்ததாகக் கொள்ளாதீர்கள். மஞ்சட்காமாலை, சிறுநீர் குறைதல், மூச்சுத்திணறல், இருமலில் இரத்தம் ஆகியவை நோய் முற்றியதன் அடையாளங்கள். தொடக்கத்திலேயே அறிந்தால் எளிய நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளால் குணப்படுத்த இயலும்.

1 முதல் 21 நாட்கள், சிலருக்கு அதற்கும் மேல் – மெலியோய்டோசிஸ்: தென்னிந்திய மண்ணிலும் சேற்றுநீரிலும் காணப்படும் பாக்டீரியாவால் ஏற்படும் நோய் இது. நீரிழிவு உள்ளவர்களையே பெரிதும் தாக்குகிறது. தொடர் காய்ச்சல், நுரையீரல் அழற்சி, தோலிலும் உள்ளுறுப்புகளிலும் சீழ்க்கட்டிகள் ஆகியவை தோன்றும். இது காசநோயெனத் தவறாகக் கருதப்படுவதும் உண்டு. இதற்குரிய மருந்துகள் வேறு. பல மாதங்கள் உட்கொள்ள வேண்டியவை. ஆகவே சரியான நோயறிதல் இன்றியமையாதது.

3 முதல் 21 நாட்கள் – டெட்டனஸ்: தாடை இறுகுதல், விழுங்க இயலாமை, கழுத்தும் முதுகும் விறைத்தல் ஆகியவை தோன்றினால் உடனடி மருத்துவமனைச் சிகிச்சை தேவை.

மருத்துவரிடம் கூற வேண்டியவை

காய்ச்சலுக்கு மருத்துவரை அணுகும்போது ‘காய்ச்சல், உடல்வலி’ என்று மட்டும் கூறினால், அது டெங்குவாகவோ பருவக் காய்ச்சலாகவோ கருதப்படுவது இயல்பு. பின்வருவனவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்:

• போட்டி நடந்த நாளும் இடமும்
• சேற்றில் தவழ்ந்தது, குட்டையில் அல்லது ஆற்றில் நீந்தியது, நீரை விழுங்கியது
• ஏற்பட்ட காயங்களும் அவை உடலில் எங்குள்ளன என்பதும்
• அறிகுறி தொடங்கிய நாள்
• உங்களுக்கு முன்பே உள்ள நோய்களும் மருந்துகளும். கடைசி டெட்டனஸ் தடுப்பூசியின் நாள்
• உடன் ஓடியவர்களுள் வேறு எவருக்கேனும் நோய் உள்ளதா என்பது

இறுதியாகக் கூறியது பிறருக்கும் உதவும். ஒரே போட்டியில் பங்கேற்ற பலர் வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு மருத்துவர்களிடம் செல்லும்போது, நோய்ப்பரவல் கண்ணுக்குத் தெரிவதில்லை. உங்கள் குழுவில் ஒருவருக்கு நோய் உறுதியானால் மற்றவர்களுக்கும், அமைப்பாளர்களுக்கும், உள்ளூர்ச் சுகாதார அலுவலருக்கும் தெரிவியுங்கள்.

குடும்பத்தினரும் பராமரிப்போரும் கவனிக்க வேண்டியவை

களைப்பில் உறங்கும் ஒருவரின் உடல்நிலை மாறுவதை முதலில் அறிபவர் வீட்டிலிருப்பவரே. அன்றிரவு அவரைத் தனியே விடாதீர்கள். தலையில் அடிபட்டிருந்து, பின்னர் வாந்தி, மிகுந்த உறக்கக் கலக்கம், குழறிய பேச்சு ஆகியவை தோன்றினால் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நீரிழிவு உள்ளவரெனில், படுக்கும் முன்னும் நள்ளிரவில் ஒருமுறையும் இரத்தச் சர்க்கரையைப் பரிசோதியுங்கள். மறுநாள் காலை பாதங்களை நல்ல வெளிச்சத்தில் விரல் விரலாகப் பாருங்கள். உணர்ச்சி குன்றிய பாதத்தில் தைத்த முள்ளோ கல்லோ அவருக்கு வலிக்காது.

வீட்டில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு இருக்கும்வரை அவர் பிறருக்காகச் சமைத்தல் கூடாது. கழிப்பறைக்குச் சென்று வந்தபின் அனைவரும் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும். நோரோவைரஸைக் கைத்தூய்மிக் களிம்பு மட்டும் முழுமையாக அழிப்பதில்லை.

அடிக்கடி கேட்கப்படும் வினாக்கள்

எலிக்காய்ச்சல் வராமலிருக்க முன்கூட்டியே மாத்திரை உட்கொள்ளலாமா?
மிகுந்த ஆபத்துள்ள சூழல்களில் மருத்துவர்கள் டாக்சிசைக்கிளின் மாத்திரையை முன்தடுப்பாகத் தருவதுண்டு. அது எல்லோருக்கும் பொருந்தாது. கருவுற்றோருக்கும் சிறு குழந்தைகளுக்கும் பொதுவாகத் தரப்படுவதில்லை. மருந்துக்கடையில் தாமாகவே வாங்கி உட்கொள்ளுதல் கூடாது.

குழந்தைகள் பங்கேற்கலாமா?
குழந்தைகளுக்கென அமைக்கப்பட்ட எளிய பாதைகளில், பெரியவர் உடனிருக்கப் பங்கேற்கலாம். ஐந்து வயதுக்குட்பட்டோர் சேற்றுநீரை விழுங்கும் வாய்ப்பு மிகுதி என்பதால் அவர்களைத் தவிர்த்தல் நன்று.

மாதவிடாய் நாட்களில் பங்கேற்கலாமா?
உடல் ஒத்துழைத்தால் பங்கேற்கலாம். ஓட்டம் முடிந்தவுடன் சேறு படிந்த உள்ளாடைகளையும் அணையாடையையும் மாற்றிக் கழுவிக்கொள்ளுங்கள்.

உடல்வலி எத்தனை நாள் நீடித்தால் கவலைப்பட வேண்டும்?
வழக்கமான வலி இரண்டாம் நாள் உச்சமடைந்து, ஐந்து நாட்களுக்குள் குறையும். நாளுக்கு நாள் கூடும் வலியும், காய்ச்சலோடு சேர்ந்த வலியும் பரிசோதிக்கப்பட வேண்டியவை.

உடனடியாக 108 எண்ணை அழைக்க வேண்டிய நிலைகள்

• நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், நினைவிழத்தல், வலிப்பு
• குழப்பத்துடன் கூடிய உடல் சூடு
• நீரில் மூழ்கி மீட்கப்பட்டவர், இயல்பாகத் தோன்றினாலும்
• கழுத்தில் அடிபட்டுக் கைகால் மரத்துப்போதல். இந்நிலையில் அவரை அசைக்காதீர்கள்
• அழுத்திப் பிடித்தும் நிற்காத இரத்தப்போக்கு

இப்பக்கத்தில் உள்ளவை பொதுமக்களின் அறிதலுக்காகத் தொகுக்கப்பட்டவை. மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாகா. ஐயம் இருப்பின் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அரசு மருத்துவமனையையோ அணுகுங்கள்.